பிரஷ் படாத சுவரில் என் பஞ்சு

சொந்தமாக ஒரு மாடி வீடு. வாசலில் ஒரு டெம்போ. என்னிடம் வேலை பழகி, இன்றைக்குத் தனித்தனியாகப் போர்டு மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற பதினோரு பேர். உடுமலைப்பேட்டையில் இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் நான் துடைத்துக் கொடுத்த பிறகு பால் காய்ச்சின வீடுகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. இத்தனையும் நான் கட்டியது அழுக்குத் துடைக்கிற ஒரு ஸ்பாஞ்சுப் பஞ்சை வைத்து. அதுவும் பேர் இல்லாத பஞ்சு, கையில் வைத்துத் தேய்க்கத் தேய்க்கத் தானே கரைந்து காணாமல் போகிற பஞ்சு. இரும்பை வைத்துச் சம்பாதித்தவன் உண்டு, நூலை வைத்துச் சம்பாதித்தவன் உண்டு. காணாமல் போகிற பொருளை வைத்து ஆளானவன் கோயமுத்தூரில் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசிக்கலாம்.

படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். அஞ்சாவதுக்கு மேலே பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. மில்லுக்குப் போனேன், மில்லை மூடிவிட்டார்கள். பெயிண்டருக்குக் கையாளாகப் போனேன், ஏணி ஏறினால் தலை சுற்றியது. கீழே நின்று சொட்டின பெயிண்டைத் துடைக்கிற வேலைதான் எனக்கு மிச்சமாக வந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

இதை எழுதச் சொன்னது நாலு இளவட்டங்கள். போன மாசம் சரவணம்பட்டியில் என் மகள் புது வீட்டைச் சுத்தம் செய்ய ஆப்பில் ஆள் கூப்பிட்டிருந்தாள். அப்பன் இத்தனை வருசம் இந்தத் தொழிலில் இருந்தவன், இருந்தாலும் ஆப்பில்தான் கூப்பிட்டாள். யூனிபாரம் போட்டு வந்தார்கள். ஒருத்தர் கையில் பளபள உறையில் ஒரு பஞ்சு.

"அங்கிள், இது எங்க கம்பெனி பஞ்சு. வெளிநாட்டுது. சாதாப் பஞ்செல்லாம் நாங்க தொடறதில்லீங்க."

வாங்கி உறையைப் பிரித்து, தண்ணீரில் நனைத்து, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கினேன். உறையைக் கழற்றினால் நம்ம பஞ்சு. அதே கடி, அதே பொடி. "கண்ணு, சட்டை மட்டும்தான் வெளிநாடு. உடம்பு உக்கடம்" என்றேன். சிரித்தார்கள். அப்புறம் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மகள் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கடைசியில், "இதையெல்லாம் எழுதி வெச்சுருங்க அங்கிள்" என்றார்கள். எழுதுகிறேன்.

கோயமுத்தூர் உக்கடத்தில் அனிபா பாய் கடை. சோபாவுக்கும் மெத்தைக்கும் பஞ்சுத் தகடு வாங்கி, அளவுக்கு அறுத்து விற்பார். பெயிண்ட் வேலை இல்லாத நாளில் நான் அங்கே அறுக்கிற ஆள். ஒருதடவை எங்கேயோ சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவருக்குள் ஒட்டுகிற வெள்ளைத் தகடு, வேலை போக மிஞ்சினது, ஒரு லோடு வந்து இறங்கியது. சோபாவுக்கு ஆகவில்லை. உட்கார்ந்தால் பொடியாகிவிடும். பாய் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பழனிச்சாமி, இது உக்காரவும் ஆகல, படுக்கவும் ஆகல. வேற எதுக்காச்சு ஆகுமான்னு நீங்களே பாருங்க" என்றார். முதலாளி தொழிலாளியை "நீங்க" என்பார். அதுதான் எனக்குப் பயம். திட்டுகிறவரிடம் தப்பித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கே என் மேசை மேல் டீயைக் கொட்டிவிட்டேன். கைக்கு அந்த வெள்ளைத் துண்டுதான் அகப்பட்டது. துடைத்தேன். டீ போனது. அளவு குறித்து வைத்திருந்த பேனா எழுத்து போனது. வருசக்கணக்கில் ஏறியிருந்த கறுப்பும் போய், மேசைக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்குப் புது மேசை தெரிந்தது.

பாய் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மேசை இத்தனை நாளா நல்லாத்தானுங்க இருந்துச்சு. இப்ப மிச்ச எடமெல்லாம் அழுக்காத் தெரியுது. முழுசையும் தேச்சுப்போடுங்க" என்றார். பாராட்டு அவ்வளவுதான். மறுவாரம் தகட்டை எல்லாம் கைக்கு அடங்குகிற துண்டாக அறுத்து, நாலு நாலாக நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வீடு துடைக்க ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு என்னையும் சேர்த்து அனுப்பினார். பஞ்சுக்கு இலவச இணைப்பாகத்தான் நான் தொழிலுக்குள் வந்தேன்.

இந்தப் பஞ்சை வெளிநாட்டில் முன்னாடியே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அந்த யூனிபாரம் தம்பி போனில் தேடிக் காட்டினார். இருக்கலாம். அவர்கள் உக்கடத்துக்கு வந்து சொல்லவில்லையே.

முறையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்துகொள்கிறவர்களுக்கும் ஆகும். பஞ்சை நாலாக அறுத்துக்கொள்ளுங்கள். முழுசாக எடுக்கிறவன் முழுசாக வீணடிப்பான். நனைத்து, உள்ளங்கைக்கு நடுவில் அமுக்கித் தண்ணீரை இறக்குங்கள். துணி மாதிரி முறுக்கினால் கிழிந்துவிடும். "பஞ்சுக்குத் தாகம் தீந்தாப் போதுமுங்க, குளிப்பாட்ட வேண்டியதில்ல" என்பார் பாய். சோப்பு வேண்டாம். அழுத்த வேண்டாம். எறும்பு ஊர்கிற மாதிரி தேய்த்தால் போதும். சோபாவுக்குப் பின்னால் சுவரில், எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து வட்டம் வட்டமாகக் கறை விழுந்திருக்கும் பாருங்கள், அந்த வட்டத்தைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர் டிவி பார்க்கிறார்கள், யார் குட்டை, யார் நெட்டை என்று சொல்லிவிடுவேன். அது போகும். சுவிட்ச் பக்கத்துக் கைக்கறை போகும், மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள். பிரிட்ஜ் கைப்பிடி, வெள்ளைச் செருப்பின் ஓரம், வாஷ்பேசின் எல்லாம் போகும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு ஒரு பஞ்சு என்றால் போர் தண்ணீர் வீட்டுக்கு நாலு. தேய்ந்த துண்டையும் எறிய வேண்டாம், ஜன்னல் கம்பிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகாதது எது? பளபளப்பு. பளபளக்கிற எதன் மேலும் இதை வைக்காதீர்கள். கார், டிவி, ஒட்டாத தோசைக்கல். மெத்தென்று இருக்கிறதே என்று நினைப்பீர்கள். இது மெத்தென்ற அரம்.

இதை நான் கற்றுக்கொண்டது ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு டாக்டர் அம்மா வீட்டில். கண்ணாடி மாதிரி மினுங்குகிற அலமாரிக் கதவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, பசை மட்டும் நின்றிருந்தது. தேய்த்தேன். பசை போனது, கூடவே மினுக்கும் போனது. பொட்டு அளவுக்கு ஒரு மங்கல். ஓரத்தைச் சரிபண்ணலாம் என்று சுற்றித் தேய்த்தேன். பொட்டு தட்டாச்சு. தட்டைச் சரிபண்ணினேன், தாம்பாளமாச்சு.

பாய் வந்து கதவு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு வழி இருக்குதுங்க. கதவு முழுசையும் இப்பிடியே தேச்சுப்போட்டு, இதுதான் இப்பத்திய பேஷன்னு சொல்றது ஒண்ணு. மன்னிப்புக் கேக்கறது ஒண்ணு. நமக்கு ரெண்டாவதுதான் வருமுங்க." அந்த அம்மாவிடம் என்னைப் பேசவிடாமல் அவரே போய்க் கேட்டார். வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தை: "இனிமே முதல்ல கண்ணு படாத எடத்துல தேச்சுப் பாருங்க." அன்றிலிருந்து மூலையில் தேய்த்துப் பார்க்காமல் நான் எந்தச் சுவரையும் தொட்டதில்லை.

இப்போது பெரிய வேலைக்கு வருகிறேன். உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரர் சென்னியப்பன். அவர் மகளுக்குக் கல்யாணம். நாலு நாள் முன்னாடி நானும் செல்வியும் போனோம். செல்வி என் டீமிலேயே கை வேகமான பொம்பளை. வாய் அதைவிட வேகம்.

வீடு புதுப் பெயிண்ட்டில் ஜொலித்தது. முன் கூடத்தை அவர்கள் ஆசாரம் என்பார்கள். அந்த ஆசாரத்துச் சுவரில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்குச் சதுரமாகப் பழைய சுண்ணாம்பு, அழுக்கேறிப் பழுப்பாக நின்றது. அதன் மேல் பென்சிலில் கொட்டை எழுத்து.

"ஏனுங்க பழனிச்சாமி, மத்ததெல்லாம் பொறகு. முதல்ல இந்தச் சதுரத்தை எடுத்துப்போடுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தா அசிங்கமாட்ட இருக்குமுங்க" என்றார் சென்னியப்பன்.

"பெயிண்ட்காரரு உட்டுப்போட்டாருங்களா?"

"நாந்தானுங்க உடச் சொன்னேன். எங்கய்யன் சாகறப்ப சத்தியம் வாங்கிப்போட்டாரு, இந்த எழுத்து மேல பிரஷ் படக்கூடாதுன்னு." என் கையில் இருந்த பஞ்சை எட்டிப் பார்த்தார். "உங்க பஞ்சு பிரஷ்ஷுங்களா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதானுங்க."

சத்தியத்துக்கு இப்படி ஒரு சந்து இருக்கிறது என்று கண்டுபிடித்த மூளையை நான் மதிக்கிறேன். என் தொழிலில் எத்தனையோ பேர் என் பஞ்சைப் பாராட்டியிருக்கிறார்கள். பிரஷ் இல்லை என்பதற்காகப் பாராட்டினவர் இவர் ஒருத்தர்தான்.

வாளி எடுக்கப் போன செல்வி, சமையல்கட்டில் பெண்கள் பேசினதை முழுசாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "ஏனுங்கண்ணா, அதுல கைய வெக்கறதுக்கு முன்னாடி இதையக் கேட்டுக்கங்க."

விசயம் இதுதான். சென்னியப்பனுக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்து ஒரே கிணறு. வாரத்தில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று அவர்கள் அய்யன், அதாவது அப்பா, இந்தச் சுவரில் எழுதி வைத்தார். அவர் போன பிறகு தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், காடு என்று அவர்கள் சொல்கிற நிலத்தை அண்ணனே பார்த்துக்கொண்டார். தம்பியும் இறந்துவிட்டார். அவர் சம்சாரம் ருக்குமணி ஊருக்குத் திரும்பி வந்து, தன் காட்டில் தானே வெள்ளாமை வைக்கிறது. "எனக்கு நாலு நாள் தண்ணின்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லியிருக்காரு" என்கிறது அந்தம்மா. சுவரில் இருப்பதோ பெரியவனுக்கு 4, சின்னவனுக்கு 3. அந்த ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தென்னங்கன்று பாதி காய்கிறது. "கல்யாணத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் வருமில்லீங்க, சபை முன்னாடி டார்ச் அடிச்சு, எழுத்தைத் திருத்தியிருக்குதான்னு பாத்துப்போடலாம்" என்று போன வாரம்தான் சொல்லியிருக்கிறது.

"அதுக்குத்தானுங்கண்ணா நம்மளக் கூட்டியாந்திருக்காரு" என்றாள் செல்வி.

நான் உத்தமன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மற்றதெல்லாம் சொல்லிக்கொள்வேன். "அழுக்கா எழுத்தான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல அம்மணி. தேய்க்கச் சொன்னாத் தேய்ப்போம்" என்றேன்.

கீழ் மூலையில் தேய்த்துப் பார்த்தேன். பென்சில் சுலபமாகப் போனது. ஒரு கால் துண்டுப் பஞ்சில் முதல் வரியை எடுத்தேன், அடுத்ததில் ரெண்டாவது வரி. கொட்டை கொட்டையாக இருந்த 4-ம் 3-ம் என் பஞ்சுக்குள் கறுப்பாக ஏறிக்கொண்டன. எழுத்து போனாலும் பழுப்பு முழுசாகப் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். இத்தனை வருசத்தில் செய்யாத காரியத்தைச் செய்தேன். பாய் பேச்சை மீறிப் பஞ்சைக் குளிப்பாட்டினேன். சொட்டச் சொட்டத் தண்ணீரோடு சுவரில் அப்பித் தேய்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுவர் ஊதாவாக வியர்த்தது.

முதலில் பஞ்சில்தான் சாயம் என்று நினைத்தேன். புதுப் பஞ்சு எடுத்தேன், இன்னும் தண்ணீர் விட்டேன். விட விட ஊதா ஏறியது. கோடு கோடாக வந்தது. அப்புறம் எழுத்தாக வந்தது.

பழைய ஆபீசுகளில் மைப் பென்சில் என்று ஒன்று இருந்தது. வறண்டு இருந்தால் சாதாப் பென்சில் மாதிரி மங்கலாக இருக்கும். ஈரம் பட்டால் ஊதா மையாகி உள்ளே இறங்கிவிடும், அப்புறம் அழிக்க முடியாது. சென்னியப்பனின் அய்யன் எழுதினது அதில். அது மங்கின பிறகு, மேலே சாதாப் பென்சிலால் கொட்டை கொட்டையாக யாரோ "தெளிவாக" எழுதியிருக்கிறார்கள். தெளிவாக எழுதுகிறபோது ரெண்டு எண்ணும் இடம் மாறிக்கொண்டது. நான் அழித்தது மேல் எழுத்தை. நான் தண்ணீர் விட்டு எழுப்பினது அடி எழுத்தை.

எனக்குப் படிக்க நேரமாகும். செல்விக்கு ஆகாது. சமையல்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிப் படித்தாள்: "பெரியவன் 3 நாள். சின்னவன் காடு மேடு, தண்ணி ஏறாது, அதனால சின்னவன் 4 நாள்..."

"அம்மணி, கொஞ்சம் மெதுவாப் படி" என்றார் சென்னியப்பன்.

"மெதுவாத்தானுங்க படிக்கறேன். எழுத்துப் பழசுங்களே." அவள் இன்னும் உரக்கப் படித்தாள்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். அதில் ருக்குமணியம்மாளும் ஒருத்தி. கையில் பாதி அரிந்த பூசணிக்காய்.

சென்னியப்பன் என் காதருகே வந்தார். "மறுக்கா தேயுங்க. சுண்ணாம்போட பேத்து எடுத்துருங்க. அஞ்சு நிமிசம்."

முடியும். அஞ்சு நிமிசம்கூட வேண்டாம், அந்தச் சுண்ணாம்பு பப்படமாட்டம் இருந்தது. அவர்தான் வேலை கொடுத்தவர். எதிரே அந்தம்மா சுவரைப் பார்க்காமல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சைக் கீழே போட்டேன். வாசலுக்குப் போய்ப் பாய்க்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கேட்டார்: "வேலை குடுத்தவரு எதைய எடுக்கச் சொன்னாருங்க?"

"அந்தப் பென்சில் எழுத்தைத்தானுங்க காட்டினாரு."

"பென்சில் போயிருச்சுங்களா?"

"போயிருச்சுங்க."

"அப்ப வேலை முடிஞ்சுதுங்க. கையைக் கழுவிப்போட்டு வாங்க." போனை வைப்பதற்கு முன்னால், "தண்ணி ரொம்ப ஊத்துனீங்களோ?" என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். ஊற்றினேன் என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. இதில்தான் முதல்தடவையாக எழுதுகிறேன்.

உள்ளே வந்தேன். "வேலை முடிஞ்சுதுங்க" என்றேன்.

"அப்ப ஊதாவா நிக்குதே, அது என்னங்க?"

"அது அழுக்கு இல்லீங்களே. அது உங்கய்யனுங்க."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. ஆனால் நல்ல வசனம்தான்.

ருக்குமணியம்மாள் பூசணிக்காயைக் கீழே வைத்தது. சத்தம் போடவில்லை. "ஏனுங்க மாமா, சபையைக் கூட்டோணுமுங்களா, இல்ல இங்கயே பேசிக்கலாமுங்களா?"

அப்போதுதான் சென்னியப்பன் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்தேன். எனக்கு ஈடான மூளை இந்தச் சீமையில் உண்டு என்று ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்திருப்பார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சுவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அய்யா! வந்துட்டீங்களா! பேத்தி கல்யாணத்துக்கு வந்துட்டீங்களா!" எழுந்து கூட்டத்தைப் பார்த்தார். "நம்ம குலதெய்வம் கண்ணைத் தொறந்துருச்சுங்க. இத்தனை நாளா நான் தப்பாப் படிச்சுப்போட்டேன்னு சாமியே வந்து காட்டிப்போடுச்சு."

யாரோ ஒரு அம்மா குலவை போட்டது. யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள்.

ருக்குமணியம்மாளுக்கு எல்லாம் தெரியும். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி சொன்னா சரிதானுங்க மாமா. அப்ப நாளைக்குக் காலையில தண்ணி என் காட்டுக்குத் திருப்பிக்கறேனுங்க" என்றது.

"திருப்பிக்க அம்மணி" என்றார் அவர். வேறு என்ன சொல்ல முடியும்? சாமி முன்னால் நிற்கிறாரே.

வாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓரமாக நின்றோம். பிரசாதம் எங்களுக்கும் வந்தது. வாளித் தண்ணீர் சாமி மேல் படாமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

இப்போது அந்தச் சதுரத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தினமும் விளக்கு வைக்கிறார்களாம். போன வருசம் அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போனவன், எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ருக்குமணியம்மாள் காட்டுக்கு நாலு நாளும் தண்ணீர் பாய்கிறது. கன்றெல்லாம் என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'அய்யன் எழுத்து. குலதெய்வத்தின் அருளால் வெளிப்பட்டது. உபயம்: சென்னியப்பன்.'

உபயம் யார் பாருங்கள்! அழிக்க ஆள் கூட்டி வந்தவர் உபயம். நான் குலதெய்வத்தோடு சண்டைக்குப் போகவில்லை. சாமிக்கு வேண்டியதைச் சாமி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் சாமி நினைத்திருந்தால் அத்தனை வருசமாக எத்தனையோ மழையில் அந்தச் சுவரை நனைத்திருக்கலாம், நனைக்கவில்லை. நனைத்தது நான். என் முதலாளி பேச்சை மீறி, என் முறையையே மீறி நனைத்தது நான். மறுபடி பேர்த்து எடுக்கச் சொன்னபோது பஞ்சைக் கீழே போட்டதும் நான்தான்.

எழுத்து என்னுடையது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் என்னுடையது.

சென்னியப்பன் அவர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். ருக்குமணியம்மாளும் சாட்சி, செல்வியும் சாட்சி. தகட்டில் கீழே இரண்டு விரற்கடை இடம் சும்மா கிடக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'தேய்த்தவர், கோயமுத்தூர் பழனிச்சாமி.' பஞ்சின் பேரையும் போட நினைத்தால், அதற்குப் பேர் கிடையாது. எனக்கு உண்டு.